தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சிங்கப்பூரில் தொழில் தொடங்குவது, முதலீடு திரட்டுவது, ஆள் எடுப்பது ஆகியவை பற்றிய கேள்விகளுக்கே இந்தப் பகுதியில் நான் வழக்கமாகப் பதில் எழுதி வருகிறேன். இரண்டு இதழ்களுக்கு முன்பு, என் மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கிய மூன்றாம் ஆண்டில் வளர்ச்சி ஏன் அப்படித் தேங்கியது என்று ஒருவர் கேட்டதற்கு, அந்த ஆண்டில்தான் நானும் என் மனைவியும் எங்கள் மகளைத் தத்தெடுத்தோம் என்று ஒரே வரியில் காரணம் சொல்லியிருந்தேன். மென்பொருளைப் பற்றி நான் பக்கம் பக்கமாக எழுதியவற்றுக்கு வராத கடிதங்கள் அந்த ஒரு வரிக்கு வந்துவிட்டன. ஆகவே இந்த இதழில் முதலீட்டாளர்கள் சற்றுக் காத்திருக்கட்டும். பிள்ளைகளின் நலன் கருதிக் கடிதம் எழுதியோரின் பெயர்களை வெளியிடவில்லை.

ஈசூன் வாசகி: எங்கள் மகனுக்கு நான்கு வயது. இரண்டு மாதக் குழந்தையாகத் தத்தெடுத்தோம். உண்மையைச் சொல்லிவிடலாம் என்கிறேன் நான். பதினெட்டு வயதானபின் சொன்னால் போதும், இப்போது சொன்னால் பிள்ளையின் மனம் உடைந்துவிடும் என்கிறார் என் மாமியார். எப்போது சொல்வது சரி?

இன்றைக்கே தொடங்குங்கள், அம்மா. நான்கு வயது தாமதமில்லை. பதினெட்டு மிகமிகத் தாமதம்.

எங்கள் மகளுக்கு இது 'தெரிய வந்த நாள்' என்று ஒரு நாள் கிடையாது. அவள் மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோதே, குளிப்பாட்டும் நேரத்தில், 'நீ வேறோர் அம்மாவின் வயிற்றில் இருந்தாய், பிறகு எங்களிடம் வந்தாய்' என்று சொல்லத் தொடங்கினோம். குழந்தைக்கு அது புரியாது என்பது எங்களுக்குத் தெரியும். பழக வேண்டியது எங்கள் நாக்குதான். 'தத்து' என்ற சொல்லை முதல்முறை உச்சரித்தபோது என் மனைவியின் குரல் கம்மியது, நான் குவளையைக் கழுவுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இருபதாவது தடவை சொன்னபோது அது சோறு, தண்ணீர், துண்டு என்பவற்றைப் போல வீட்டுச் சொல்லாகிவிட்டிருந்தது. பிள்ளை கேள்வி கேட்கும் வயதுக்கு வரும்போது பெற்றோரின் குரல் நடுங்காமல் இருக்க வேண்டும் என்பதே நான் இதில் கற்றுக்கொண்ட ஒரே உத்தி. குரல் நடுங்கினால், சொல்லப்படுவது ஏதோ கெட்ட செய்தி என்று பிள்ளை முடிவு செய்துவிடும்.

நம் தமிழ்க் குடும்பங்களில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தத்தெடுத்த செய்தி குறைந்தது இருபது உறவினருக்காவது தெரிந்திருக்கும். இருபது பேர் அறிந்த ஒன்றை, அது யாரைப் பற்றியதோ அந்த ஒருவரிடமிருந்து மட்டும் பதினெட்டு ஆண்டுகள் மறைத்து வைப்பது நடக்கிற காரியமில்லை. ஒரு கல்யாண வீட்டுச் சாப்பாட்டுப் பந்தி போதும், எல்லாம் வெளியே வந்துவிடும். ஆரக்கிள் மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கிய லாரி எலிசன் 1944-இல் பிறந்து, குழந்தையாகவே தாயின் உறவினரான ஒரு தம்பதியிடம் ஒப்படைக்கப்பட்டுச் சிக்காகோவில் வளர்ந்தவர். தான் தத்துப்பிள்ளை என்பதைப் பன்னிரண்டு வயதில்தான் அறிந்தார். ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸுக்கோ சிறுவயது முதலே தெரியும். தன்னைத் தத்தெடுத்த பால், கிளாரா இருவரையும் 'வளர்ப்புப் பெற்றோர்' என்று யாராவது எழுதினால் அவருக்குக் கோபம் வந்துவிடும். இருவரும் பெருஞ்செல்வர்களானார்கள் என்பதால் எதுவும் நிரூபணமாகிவிடாது. ஆனால் தன் வீட்டுக் கதையைத் தானே சொல்ல முடிந்த பிள்ளைக்கும், பிறர் சொல்லிக் கேட்ட பிள்ளைக்கும் இடையே வேறுபாடு இருக்கத்தான் செய்யும்.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். மகளுக்கு ஆறு வயதிருக்கும்போது, தீபாவளியன்று என் அத்தை வீட்டில் பிள்ளைகள் கூடியிருந்தார்கள். அத்தை தன் சொந்தப் பேரனைக் கேலி செய்யும் விதமாக, எல்லாப் பாட்டிகளும் சொல்வதைப் போலவே, 'உன்னைத் தேக்காச் சந்தையில தவிட்டுக்கு வாங்குனோம்டா' என்றார். சொல்லி முடித்த மறுகணம் கூடத்தில் இருந்த பெரியவர்கள் அத்தனை பேரின் கண்களும் என் மகளின் பக்கம் திரும்பின. அவள் முறுக்கைக் கடித்துக்கொண்டே, 'தவிடுன்னா என்ன?' என்று கேட்டாள். அரிசி தீட்டும்போது உதிர்வது என்று என் அம்மா விளக்கினார். 'எத்தனை கிலோ?' என்றாள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள், அத்தையைத் தவிர.

அன்றிரவு படுக்கும்போது அவள் மீண்டும் கேட்டாள்: என்னையும் வாங்கினீர்களா, எவ்வளவு கொடுத்தீர்கள்? பிள்ளையை யாரும் விலைக்கு வாங்க முடியாது, சட்டம் அதை அனுமதிக்காது என்று சொன்னேன். பிறகு தவிட்டின் கதையையும் சொன்னேன். அடுத்தடுத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டில், புதிதாகப் பிறந்த குழந்தையை அண்டை வீட்டாருக்கோ முருகன் கோயிலுக்கோ கொடுத்துவிட்டு, ஒரு படி தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். இது மதிப்பில்லாத பிள்ளை என்று எமன் ஏமாந்து போய்விடுவான் என்பது நம்பிக்கை. தவிட்டான், பிச்சை, குப்பை என்று நம் முன்னோரில் சிலருக்குப் பெயர் வந்தது அப்படித்தான். எதைக் கொடுத்தாவது இந்தப் பிள்ளையைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று தவித்த ஒரு தாய், கேலியாகத் தேய்ந்துபோன அந்த வாக்கியத்துக்குள் இன்னும் இருக்கிறாள். மகளுக்கு எமன் ஏமாந்த இடம்தான் பிடித்திருந்தது.

உங்கள் மாமியாரிடம் வாதாட வேண்டாம். அவருடைய அச்சம் பெரும்பாலும் பேரனின் மனத்தைப் பற்றியது அன்று, அக்கம்பக்கத்தாரின் வாயைப் பற்றியது. பலதுறை மருந்தகத்தில் மருத்துவர், 'குடும்பத்தில் யாருக்காவது நீரிழிவு உண்டா?' என்று பேரனிடம் கேட்கும் நாள் வரும். அன்று அவன் பொய்யான பதிலை மெய்யென்று நம்பிச் சொல்ல வேண்டுமா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். இப்போதெல்லாம் தத்தெடுக்க விரும்புவோருக்கு, பிள்ளையிடம் உண்மையை எப்படிச் சொல்வது என்பதற்கென்றே ஒரு விளக்கக் கூட்டம் நடத்துகிறார்கள். எங்கள் காலத்தில் நாங்களாகத் தட்டுத்தடுமாறிக் கற்றது அது.

பொங்கோல் தம்பதி: இருவரும் பொறியாளர்கள். தத்தெடுக்க நினைக்கிறோம். நடைமுறை மிகவும் கடினமாமே?

கடினமாகத்தான் இருக்க வேண்டும். 1939-ஆம் ஆண்டிலிருந்து இருந்த பழைய சட்டத்துக்குப் பதிலாக 2022-இல் நாடாளுமன்றம் புதிய தத்தெடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அது 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு ஏற்றுக்கொண்ட அமைப்பு ஒன்று உங்கள் தகுதியை முதலில் மதிப்பிடும். ஆணை பிறப்பிப்பது குடும்ப நீதிமன்றம். பொதுவாக விண்ணப்பதாரருக்கு 25 வயதாவது நிறைந்திருக்க வேண்டும், பிள்ளையைவிட 21 வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும். நாங்கள் பழைய சட்டத்தின்கீழ்த் தத்தெடுத்தவர்கள் என்பதால், படிப்படியான விவரங்களுக்கு அமைச்சின் விளக்கக் கூட்டத்தையே நம்புங்கள்.

அதிகாரி எங்கள் வீட்டைப் பார்வையிட வந்தது மட்டும் அப்படியே நினைவில் இருக்கிறது. வாடிக்கையாளருக்குப் புதிய மென்பொருளைக் காட்டப் போவதைப் போல வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் ஒவ்வொரு மூலையையும் துடைத்து, சன்னல் கம்பிகளைச் சரிபார்த்து, வருமான ஆவணங்களை வண்ணக் கோப்புகளில் அடுக்கி வைத்திருந்தேன். அவர் கோப்புகளைப் புரட்டிவிட்டு, 'இரவு இரண்டு மணிக்குக் குழந்தை அழுதால் எழுந்திருப்பது யார்?' என்று கேட்டார். நான் 'நான்' என்றேன்; என் மனைவியும் அதே நொடியில் 'நான்' என்றார். அவர் எதையோ எழுதிக்கொண்டார். நாங்கள் இருவரும் உளறிவிட்டதாக ஒரு வாரம் தூக்கமில்லாமல் கிடந்தோம்.

அதற்கு முன்பு ஓர் இடைத்தரகரையும் சந்தித்தோம். உணவுக்கடையில் சாப்பாட்டுப் பட்டியலை நீட்டுவதைப் போலக் கைப்பேசியில் குழந்தைகளின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். பாதிக் காப்பியிலேயே எழுந்து வந்துவிட்டோம். நீங்களும் அப்படி எவரையாவது சந்தித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

விடுப்பைப் பொறுத்தவரை, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தத்தெடுக்கும் தகுதியுள்ள தாய்மார்களுக்கு 2017 சூலை முதல் 12 வார விடுப்பு உண்டு. அதற்கு முன்பு அது 4 வாரமாக இருந்தது. பெற்ற தாயின் உடல்தான் தேற வேண்டும், தத்தெடுத்தவருக்கு எதற்கு நீண்ட விடுப்பு என்று எண்ணும் முதலாளிகள் இன்னும் இருக்கிறார்கள். புதிய கையையும் புதிய வாசனையையும் பழக வேண்டியது குழந்தை என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

ஜூரோங் வெஸ்ட் வாசகர்: காரண காரியத்தை மட்டும் நம்ப வேண்டிய துறையில் இருந்துகொண்டு பால்குடமும் எடுக்கிறீர்கள். முரண்பாடாகத் தெரியவில்லையா?

தெரியவில்லை. பெர்ல் என்ற நிரல் மொழியை 1987-இல் வெளியிட்ட லாரி வால் தன் கிறிஸ்துவ நம்பிக்கையை மறைத்தவர் அல்லர்; அந்த மொழியின் பெயரே மத்தேயு நற்செய்தியில் வரும் விலையுயர்ந்த முத்தின் உவமையை ஒட்டி வந்தது. கணினியியலின் மூத்த அறிஞரான டொனால்டு கனூத் விவிலியத்தின் ஏறத்தாழ ஒவ்வொரு நூலிலும் மூன்றாம் அதிகாரத்தின் பதினாறாம் வசனத்தை எடுத்து ஆராய்ந்து ஒரு முழுப் புத்தகமே எழுதினார். அவர்களோடு என்னை ஒப்பிடவில்லை. அவர்களுக்கு உறுத்தாதது எனக்கும் உறுத்தவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

மகள் எங்களிடம் வந்த வாரத்தில்தான் ஒரு பெரிய வாடிக்கையாளரின் சர்வர் விழுந்தது. முருகனை வேண்டிக்கொண்டேனா என்றால், ஆம். வேண்டிக்கொண்டே, சர்வரின் நடப்புகள் பதிவாகும் லாக் கோப்பைத் திறந்து கடைசி இருநூறு வரிகளைப் படித்தேன். வட்டில் இடம் நிரம்பியிருந்தது. முருகன் வட்டைக் காலி செய்வான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு கையில் பால்புட்டியோடு இன்னொரு கையால் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது, பதற்றத்தில் தவறான கோப்பை அழித்துவிடாத அளவுக்கு மனம் நிலைத்திருந்தது. எனக்கு அது போதும்.

செங்காங் வாசகி: நாங்கள் தத்தெடுத்த மகளைப் பெற்றவர் வேறு சமயத்தைச் சேர்ந்தவர் என்று அறிகிறோம். எங்கள் சமயத்தில் வளர்ப்பது அவருக்குச் செய்யும் துரோகமா? 'கடவுள் உங்களுக்காகவே கொடுத்த பிள்ளை' என்று கோயிலில் எல்லாரும் சொல்கிறார்கள். அதுவும் ஏனோ நெருடுகிறது.

இந்த ஊருக்கு இந்தக் கேள்வி புதிதன்று. ஜாவாவில் 1937-இல் டச்சுக் கத்தோலிக்கப் பெற்றோருக்குப் பிறந்த மரியா ஹெர்தோக், சப்பானியர் ஆட்சிக் காலத்தில் அமினா என்ற முஸ்லிம் பெண்ணிடம் வந்துசேர்ந்து, நட்ரா என்ற பெயரில் வளர்ந்தாள். நிரந்தரமாகக் கொடுத்தார்களா, தற்காலிகமாகத்தான் விட்டுவைத்தார்களா என்பதே வழக்கு. 1950 டிசம்பரில் சிங்கப்பூர் நீதிமன்றம் அவளைப் பெற்ற தாயிடம் ஒப்படைத்ததை எதிர்த்து மூண்ட கலவரத்தில் 18 பேர் மாண்டார்கள், 173 பேர் காயமடைந்தார்கள். பள்ளியில் இதை இன நல்லிணக்கப் பாடமாகப் படித்தோம். தந்தையானபின் மீண்டும் படித்தபோது என் மனத்தில் நின்றது கலவரம் அன்று. தாய்மொழியே மாறிவிட்டிருந்த அந்தப் பதின்மூன்று வயதுச் சிறுமியும், அவளுக்காக வழக்காடிய இரண்டு தாய்மாரும்தான். அவளை அவளுக்காக மட்டும் பார்த்தவர்கள் அந்தச் சந்தடியில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பிள்ளை வளரும் வீட்டில் விளக்கேற்றினால் அதுவும் விளக்கேற்றும், வேதம் வாசித்தால் வாசிக்கும், தொழுதால் கூடவே நிற்கும். அதில் துரோகம் எதுவும் இல்லை. பெற்றவரின் சமயத்தை வீட்டில் இழிவாகப் பேசினால்தான் அது துரோகம். அந்தச் சமயத்தின் திருநாளை மகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். வளர்ந்தபின் அதை நாடிப் போனால் கதவை மறிக்காதீர்கள்.

'கடவுள் கொடுத்த பிள்ளை' என்ற சொல்லில் உங்களுக்கு ஏற்பட்ட நெருடல் சரியானது. உங்களுக்குக் கொடுப்பதற்காகக் கடவுள் இன்னொருத்தியிடமிருந்து பறித்தார் என்று அது பொருள்படுகிறது. அப்படிப்பட்ட கடவுளை நான் வணங்க மாட்டேன். எங்கள் மகள் எங்களிடம் வந்தது எங்களுக்கு நற்பேறு. அவளைப் பெற்றவருக்கு அதே நாள் என்னவாக இருந்திருக்கும் என்பதை நான் மறக்கக் கூடாது என்றே ஒவ்வொரு பிறந்தநாளிலும் நினைத்துக்கொள்கிறேன்.

இதை நமக்கு ஆழ்வார்கள் முன்பே காட்டியிருக்கிறார்கள். பெரியாழ்வார் யசோதையாகவே மாறிக் கண்ணனைத் தாலாட்டினார், குளிப்பாட்டினார், நிலவைக் காட்டினார். துளசிச் செடியின் அடியில் கண்டெடுத்த குழந்தையை மகளாக வளர்த்தவரும் அவரே. அந்த மகள்தான் ஆண்டாள். சேர மன்னரான குலசேகரரோ மறுபக்கம் போய் நின்றார். பெருமாள் திருமொழியின் ஏழாம் பதிகத்தில், பெற்றும் வளர்க்கக் கிடைக்காத தேவகியின் வாயாக நின்று, தாலாட்டவும் அந்தக் குறும்புகளைக் காணவும் கிட்டாமல் போனதைச் சொல்லிப் புலம்புகிறார். ஒரே பிள்ளையின் இரண்டு தாய்மாருக்கும் பாசுரம் இருக்கிறது, ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கவில்லை. முருகனைப் பாலூட்டி வளர்த்தவர்கள் ஆறு கார்த்திகைப் பெண்கள். அவன் மணந்த வள்ளியோ வள்ளிக்கிழங்கு தோண்டிய குழியில் கண்டெடுக்கப்பட்டு வேடர் தலைவன் நம்பிராசனால் வளர்க்கப்பட்டவள். கணவன், மனைவி இருவரும் வளர்ப்புப் பிள்ளைகளாக இருக்கும் சந்நிதியில் நின்றுகொண்டு, தத்துப்பிள்ளை என்றதும் குரலைத் தாழ்த்துகிறோம் நாம்.

கிளமெண்டி மாணவர்: நிரலாளர் சந்திப்புகளுக்கும், யாரும் எடுத்துத் திருத்தக்கூடிய திறமூல மென்பொருளுக்கும் நான் செலவிடும் நேரத்தை வீண் என்கிறார் அப்பா. சம்பளமில்லாத வேலையால் உங்களுக்கு என்ன கிடைத்தது?

தம்பி, சந்திப்புக்கு வருவோரில் கால்வாசிப் பேர் இலவசப் பீட்சாவுக்காக வருகிறவர்கள். நானும் தொடக்கத்தில் அந்தக் கால்வாசியைச் சேர்ந்தவன்தான். பஸ்ஸோரா ஸ்திரீட்டில் 2009-இல் ஹேக்கர்ஸ்பேஸ் என்ற நிரலாளர் கூடம் திறந்த காலத்தில், குளிர்சாதனம் சரியாக வேலை செய்யாத அறைகளில் உட்கார்ந்து பிறர் எழுதிய நிரலை வாசிக்கக் கற்றுக்கொண்டேன். அடுத்த ஆண்டு பைத்தான் நிரல் மொழிக்கான ஆசிய பசிபிக் மாநாடு இங்கே நடந்தபோது நாற்காலி அடுக்கும் தொண்டூழியராகப் போனேன். என் முதல் ஊழியர் பக்கத்து நாற்காலியை அடுக்கிக்கொண்டிருந்தவர்.

தமிழ் எழுத்துகள் உன் கைப்பேசியில் இன்று இயல்பாகத் தோன்றுவதற்குப் பின்னாலும் சம்பளமில்லா உழைப்பு நிறைய இருக்கிறது. ஒவ்வோர் இணையத்தளத்துக்கும் தனித்தனி எழுத்துருவை இறக்கிக்கொள்ள வேண்டியிருந்த காலத்தில், சிங்கப்பூர் எழுத்தாளரும் கணியன் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கியவருமான நா. கோவிந்தசாமியின் முயற்சியால் 1997 மே மாதம் இங்கே தமிழ்நெட் 97 மாநாடு கூடியது. நான் அப்போது தேசிய சேவையில் இருந்ததால் போக முடியவில்லை. அந்த வருத்தம் இன்றும் உண்டு. அதன் தொடர்ச்சியாக 2000-இல் இதே ஊரில் நடந்த மாநாட்டில்தான் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமான உத்தமம் அமைப்பு பிறந்தது. அதைப் பார்க்கக் கோவிந்தசாமி இல்லை, 1999-இலேயே மறைந்துவிட்டார்.

நான் பொறுப்பேற்ற முதல் திறமூலக் கருவி, அந்தப் பழைய எழுத்துருக்களில் கிடந்த உரையை யூனிகோடு என்ற பொதுக் குறியாக்கத்துக்கு மாற்றும் ஒரு சிறு நிரல். அதை எழுதியவர், 'எனக்கு நேரமில்லை, யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்' என்று இரண்டு வரி எழுதி வைத்துவிட்டு விலகிவிட்டார். டெபியன் என்ற திறமூல இயங்குதளத் திட்டத்தில் பராமரிப்பாளர் இல்லாத மென்பொருள் தொகுப்பை 'அநாதை' என்றே பதிவு செய்வார்கள். அதை ஏற்க விரும்புபவர் 'தத்தெடுக்கும் எண்ணம்' என்ற தலைப்பில் அறிவிக்க வேண்டும். அந்தச் சொற்களைப் படித்துச் சிரித்த எனக்கு, சில ஆண்டுகளில் அதே சொல்லை நீதிமன்றத் தாளில் படிக்கப் போகிறேன் என்று தெரியாது.

அந்தக் கருவியில் ஒரு பிழை இருந்தது. பழைய எழுத்துருக்களில் 'கௌ' என்பதை எழுத, ஒற்றைக் கொம்பு, ககரம், ளகரம் மூன்றையும் அடுத்தடுத்து வைப்பார்கள். நிரல் இந்த மூன்றைக் கண்ட இடமெல்லாம் ஔகாரமாக்கியது. 'வௌவால்' சரியாக வந்தது. 'வெள்ளம்' என்பதோ 'வௌ' என்ற எழுத்தின் தலையில் புள்ளி தொங்க உடைந்து நின்றது. 'தெளிவு' தெளிவில்லாமல் போனது. ளகரத்துக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ வருகிறதா என்று பார்த்துப் பிரிக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. எழுதியவரை அந்த மூன்று வாரமும் மனத்துக்குள் திட்டினேன். பிறகு பழைய பதிவுகளைப் புரட்டியபோது, அவர் இந்தச் சிக்கலை அறிந்து, நள்ளிரவுகளில் இரண்டு முறை முயன்று தோற்றிருந்தது தெரிந்தது. திட்டுவதை நிறுத்திக்கொண்டேன்.

என்ன கிடைத்தது என்று கேட்டாய். மகள் வந்த மாதத்தில், அந்த நிரலாளர் குழுவில் இருந்தவர்கள் முறை வைத்து இருபது நாள் எங்கள் வீட்டுக்கு இரவுச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். ஒரு மலாய் நண்பரின் மனைவி குழந்தையைத் துணியில் சுற்றிக் கட்டும் முறையைச் செய்து காட்டினார். எனக்கு அது வெங்காயத்தைப் பொட்டலம் கட்டுவதைப் போலத்தான் வந்தது. நான் வெளியிட வேண்டிய புதிய பதிப்பை என்னிடம் கேட்காமலேயே சோதித்து, வெளியிட்டு, வந்த புகார்களுக்கும் பதில் எழுதினார் என் பெயரைத் தவிர வேறெதையும் அறியாத ஒருவர். உன் அப்பாவிடம் இதைச் சொல். அவர் தலைமுறையில் கோயில் திருவிழாவுக்கும் சமூக மன்றத்துக்கும் இப்படி உழைத்தவர்கள் இருந்திருப்பார்கள்; சட்டென்று புரிந்துகொள்வார்.

பிடோக் வாசகர்: உங்கள் மகளையும் மென்பொருள் துறைக்குக் கொண்டுவருவீர்களா?

இப்போதைக்கு அவள் இரண்டடுக்குப் பேருந்து ஓட்டுநராக வேண்டும் என்கிறாள். மேல்தளத்து முதல் வரிசையில் உட்கார்ந்து ஓட்ட முடியாது என்பதை அறிந்ததில் கொஞ்சம் ஏமாற்றம்.

அங் மோ கியோ வாசகி: நான் 1966-இல் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் பிறந்து, தமிழ்க் குடும்பம் ஒன்றில் வளர்ந்தவள். முகத்தைப் பார்த்தால் சீனர் என்பார்கள். அம்மாவுக்கு இப்போது வயது எண்பத்தெட்டு. என்னைப் பெற்றவர்களைத் தேடிப் பார்க்க ஆசை. அம்மா மனம் வருந்துவாரோ என்று அச்சம். உங்கள் கருத்து?

அக்கா, உங்கள் கடிதத்தை என் அம்மாவிடம் இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். காரணம் இருக்கிறது.

என் பெரியம்மாவும் உங்களைப் போன்றவர்தான். செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த என் தாத்தாவும் பாட்டியும் பிள்ளையில்லாமல் இருந்தபோது, 1950-இல், சீனர் கணக்கில் புலி ஆண்டில் பிறந்த பெண்குழந்தையை ஒரு குடும்பம் அவர்களிடம் கொடுத்தது. புலி ஆண்டுப் பெண் குடும்பத்துக்கு ஆகாது என்ற அச்சமும் வறுமையும் சேர்ந்து, அந்தக் காலத்தில் எத்தனையோ சீனப் பெண்குழந்தைகளை இந்திய, மலாய் வீடுகளுக்கு அனுப்பிவைத்தன. பெண்பிள்ளை என்பதற்காகத் தயங்காமல் வாங்கி வளர்த்த தமிழ்த் தாய்மார்களை நம் சமூகம் போதுமான அளவு நினைவுகூர்வதில்லை என்பது என் குறை. மூன்றாண்டுகள் கழித்து என் அம்மா பிறந்தார். மூத்தவள் வந்த ராசி என்று பாட்டி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

தேக்கா ஈரச்சந்தையில் காய்கறிக்காரர் பெரியம்மாவிடம் சீனத்தில் விலை சொல்வார். பெரியம்மா, 'தம்பி, கத்தரிக்கா முத்தல், வேற எடுங்க' என்பார். அந்த நொடியில் கடைக்காரரின் முகம் போகும் போக்கைப் பார்ப்பதற்காகவே நான் சிறுவயதில் அவரோடு சந்தைக்குப் போவேன். பங்குனி உத்திரத்துக்கு மஞ்சள் சேலை கட்டிப் பால்குடம் எடுப்பார். வெளியூர்க்காரர்கள் நின்று படம் எடுப்பார்கள், அவருக்கு அது பிடிக்காது.

உங்கள் தேடலைப் பற்றி: அம்மாவிடம் மறைத்துத் தொடங்காதீர்கள். உங்களுக்கு இந்த வயதில் தெரிந்தவற்றில் பாதிக்கு மேல் அவருடைய நினைவில்தான் இருக்கிறது. எண்பத்தெட்டு வயதில் அது நாளுக்கு நாள் கரையக் கூடியது. யார் கொண்டுவந்து கொடுத்தார், எந்தத் தெரு, கூட யார் வந்தார், என்ன துணியில் சுற்றியிருந்தார்கள் என்று கேட்டுக் குரலாகவே பதிவு செய்யுங்கள். உங்கள் கையில் என்னென்ன தாள்கள் இருக்கின்றன என்பதையும் பாருங்கள்; அக்காலத்தில் நீதிமன்றம் வழியாக அல்லாமல் கைமாறிய பிள்ளைகள் பலர். நீங்கள் பிறந்த அந்த 1966-ஆம் ஆண்டில் அந்த ஒரு மருத்துவமனையில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன, உலகச் சாதனை அது. அந்தக் கூட்டத்தில் ஒருவரைத் தேடுவது எளிதன்று என்பதை முன்கூட்டியே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வருந்துவாரோ என்றால், கொஞ்சம் வருந்தலாம். நாங்கள் நாள்தோறும் பயன்படுத்தும் கிட் என்ற மென்பொருள், நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு பெயர்களைக் குறித்து வைக்கும்: அதை எழுதியவர் ஒருவர், அதைத் திட்டத்தில் ஏற்றுச் சேர்த்தவர் ஒருவர். நான் தத்தெடுத்த கருவியில் பழைய வரிகளுக்கு இன்றும் அந்த முதல் மனிதரின் பெயரே வருகிறது. பத்தாண்டுகளாக அதைப் பராமரித்து வரும் எனக்கு, அதனால் எதுவும் குறைந்துவிடவில்லை. மனிதர்கள் நிரல் வரிகள் அல்லர் என்று என் மனைவி இந்த இடத்தில் குறுக்கிட்டார், அதுவும் சரிதான். ஆனால் உங்கள் அம்மாவிடம், 'உங்கள் பெயரை எடுத்துவிட்டு அங்கே வேறு பெயரை எழுதப் போவதில்லை, காலியாக இருக்கும் இன்னோர் இடத்தை நிரப்பத்தான் தேடுகிறேன்' என்று சொல்லிப் பாருங்கள்.

பெரியம்மா தன்னைப் பெற்றவர்களைத் தேடவில்லை. பெயர்கூடத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு சீனப் புத்தாண்டுக்கும் முதல்நாள் இரண்டு ஆரஞ்சுப் பழங்களை வாங்கிவந்து, பூசையறையில் முருகன் படத்துக்கு முன்னால் வைப்பார். எதற்கு என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அவர் 2019-இல் மறைந்தபின் என் அம்மா அதைத் தொடர்ந்து செய்து வருகிறார். இந்த ஆண்டு பழம் வாங்கிவர என் மகளை அனுப்பினோம். நான்கு வாங்கி வந்தாள். இரண்டு பெரிய பாட்டிக்காக, இரண்டு எனக்காக என்று சொல்லி, தனித்தனியாக இரண்டு தட்டுகளில் வைத்தாள்.